நூல் பெட்டியில் என்ன கோளாறு? நீலகிரிப் பனிக்காலத் தொடக்கத்தில் பார்க்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து உதகையில் நீர்ப்பனி விழத் தொடங்கும் நாட்கள்தான் பின்னல் நூல் பெட்டியைத் திறக்கச் சரியான சமயம். அந்த நாட்களில் காற்றில் ஈரம் குறைந்துவிடும் என்பதே காரணம். வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் கோத்தகிரியும் நாள்கணக்கில் நனைந்து கிடக்கும்போது நூலைப் பரப்பினால், உள்ளே உலர்ந்திருந்த உருண்டைகளும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் புல்லின் மேல் வெண்பனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்ற வெயில் என்று தொடர்ந்து இரண்டு நாள் கிடைத்தால் தொடங்குங்கள். கொடைக்கானலுக்கும் இதே கணக்குத்தான்.

கையில் இருக்க வேண்டியவை: பழைய வெள்ளை வேட்டி ஒன்று, ஜிப் வைத்த கனமான பாலிதீன் பைகள், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, டார்ச், அளவுகோல், ஒட்டுக் காகிதம், பேனா. வேட்டி வெள்ளையாக இருந்தால்தான் உருண்டையைத் தட்டும்போது என்ன உதிர்கிறது என்று தெரியும். பெட்டியிலிருந்து எடுத்த நூல் எதையும் சோபாவிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் வேட்டியின் மேல் தட்டிப் பார்த்து, உடனே பைக்குள் போடுங்கள். சந்தேகமானது ஒன்று இருந்தாலும் அது தொட்ட அத்தனையும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

லேபிள் இல்லை, கம்பளியா அக்ரிலிக்கா தெரியவில்லை

மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்தது. ஃபேன்சி ஸ்டோர்களில் 'உல்லன்' என்று வாங்கியதில் பெரும்பகுதி அக்ரிலிக். சுத்தமான அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது, பூசணமும் எளிதில் பற்றாது. ஆகவே அதற்கு மெனக்கெட வேண்டியதில்லை. தொந்தரவெல்லாம் ஆட்டுக் கம்பளி, பட்டு, அங்கோரா போன்ற விலங்கு இழைகளுக்குத்தான்.

10 செ.மீ. துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்குச்சியால் கொளுத்துங்கள். நூல் பெட்டியை எட்டவே வையுங்கள். கம்பளி மெதுவாகச் சுருண்டு எரியும், தீயை விலக்கினால் தானே அணையும், தலைமுடி கருகும் வாடை வரும், மிஞ்சும் கரி விரலில் பொடியும். பட்டும் ஏறக்குறைய இப்படித்தான். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாடையோடு எரியும். சுடர் அணைந்த பிறகும் கனல் ஊர்ந்துகொண்டே போகும். அக்ரிலிக் உருகிச் சொட்டியபடி எரியும், ஆறியதும் கடினமான கருப்பு மணி மிஞ்சும். முடி வாடையும் வந்து, நசுக்க முடியாத மணியும் நின்றால் அது கலப்பு நூல்.

தீ வைக்க மனமில்லை என்றால், வீட்டில் வெளுப்புக்குப் பயன்படும் குளோரின் திரவத்தைக் கண்ணாடிக் குவளையில் சிறிது ஊற்றி, துண்டு நூலைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். கம்பளியும் பட்டும் கரைந்துவிடும், பருத்தியும் அக்ரிலிக்கும் கரையாது. பாதி கரைந்து பாதி மிஞ்சினால் கலப்பு. அந்தத் திரவத்தோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

கம்பளி என்று உறுதியானால் இன்னும் ஒரு சோதனை: இரண்டு துண்டுகளை ஈரமாக்கி உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். ஒன்றோடொன்று பிணைந்து கயிறு போலானால் சாதாரணக் கம்பளி. பிணையவே இல்லை என்றால் இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி. பின்னால் ஒட்டுப்போடும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

இழுத்தால் நூல் அறுந்து அறுந்து வருகிறது

உடனே பூச்சி என்று முடிவு கட்ட வேண்டாம். அறுந்த முனையைப் பாருங்கள்.

உருண்டையின் ஒரு பக்கத்தில் மட்டும், மேல் அடுக்குகளில், முனை மெலிந்து நைந்து அறுந்திருந்தால் பூச்சி அரித்தது. பல இழைகள் ஒரே இடத்தில் கத்தரித்தது போல அறுந்து, பக்கத்தில் கருப்புப் புழுக்கையும் கிடந்தால் சுண்டெலி. அது தின்பதற்காக வராது, கூடு கட்டப் பஞ்சு தேடி வரும். எங்கே பிடித்து மெதுவாக இழுத்தாலும் அறுந்து, தூசு போல உதிர்ந்தால் வெயிலிலோ பூசணத்திலோ இழை இற்றுப்போய்விட்டது. இதற்கு மருந்து கிடையாது, குப்பைக்குத்தான். அறுபடாமல் நீண்டு நழுவிப் பிரிந்து வந்தால் கோளாறே இல்லை. ஒற்றை இழையில், முறுக்கு குறைவாக நூற்ற நூல் அப்படித்தான் வரும். இழுத்துப் பின்னாமல் தளரப் பின்னினால் போதும். உருண்டைக்குள் ஓரிரு முடிச்சுகள் இருப்பது ஆலையிலேயே போட்டது.

இந்தச் சோதனையை உலர்ந்த நூலில் செய்யுங்கள். நனைந்த கம்பளி இயல்பாகவே வலு குறைந்தது.

தட்டினால் மணல் போல உதிர்கிறது, நூலாம்படை தெரிகிறது

அந்துப்பூச்சி. உதிர்வது அதன் புழுவின் எச்சம். தின்ற நூலின் நிறமே எச்சத்துக்கும் வரும் என்பதால் சிவப்பு நூலில் சிவப்பு மணலாக இருக்கும், பலரும் சாயத்தூள் என்று விட்டுவிடுவார்கள். மெல்லிய பட்டு வலை இருந்தால் வலை பின்னும் வகை. அரிசியளவு கூடு ஒன்று நூலின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கூட்டைச் சுமந்து திரியும் வகை. வலையே இல்லாமல், முடி முளைத்த பழுப்புத் தோல் சட்டைகள் மட்டும் கிடந்தால் அது கம்பளி அரிக்கும் வண்டின் புழு. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, புழுதான் தின்னும். விளக்கைச் சுற்றிப் பறப்பது பெரும்பாலும் அரிசி, மாவுப் பாத்திரத்துப் பூச்சி. துணி அரிக்கும் அந்து பொன்னிறமாக, 6, 7 மி.மீ. நீளத்தில் இருக்கும், வெளிச்சத்தைக் கண்டால் ஓடி மடிப்புக்குள் ஒளியும்.

இந்த ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கும் ஒரு யோசனை: 'இரவு வெளியே உறைபனியில் வை, செத்துப்போகும்.' சாகாது. பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் புழு மந்தமாகும், அவ்வளவுதான். உள்ளே கொண்டுவந்தால் மீண்டும் மேயும். கொல்வதற்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதுவும் இரண்டு வாரம். செய்முறை:

1. நூல் உலர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்து, பையில் போட்டு, காற்றை முடிந்தவரை பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள்.
2. ஃப்ரீசரில் பைகளை நெருக்கி அடுக்காதீர்கள்; குளிர் நடு உருண்டை வரை போக வேண்டும். ஒற்றைக் கதவுப் பழைய ஃபிரிட்ஜின் பனிப்பெட்டி மைனஸ் 18 வரை இறங்குவதில்லை. உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வேறு யார் வீட்டு ஃப்ரீசரையாவது கேளுங்கள்.
3. இரண்டு வாரம் கழித்து எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க மூடியபடியே அறையில் இருக்கட்டும். குளிர்ந்த நூலைத் திறந்தால் காற்றின் ஈரம் அதன் மேல் வியர்த்துவிடும்.
4. பிறகு வெளியே எடுத்து உதறி, வெயிலில் புரட்டி, புதிய பையில் போடுங்கள்.

ஃப்ரீசர் வசதி இல்லாதவர்களுக்கு வெந்நீர் உண்டு. நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய தளர்ந்த வளையமாக, சுற்றி நாலு இடத்தில் பருத்தி நூலால் தளரக் கட்டி, 55 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைக்க வேண்டும். வெப்பம் இறங்காமல் இருக்கக் கனமான பாத்திரத்தில் மூடி வையுங்கள். கிளறவோ கசக்கவோ கூடாது. சூடான நூலைக் குளிர்ந்த நீரில் முக்கவும் கூடாது, அந்தப் பாத்திரத்திலேயே ஆறட்டும். கம்பளி சிக்கிச் சுருங்குவது சூட்டால் மட்டும் அல்ல, சூட்டோடு உரசலும் திடீர் மாற்றமும் சேரும்போதுதான். சாயம் போகுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாச்சா உருண்டை (நாஃப்தலீன்) பற்றி: திறந்த அலமாரியில் நாலு உருண்டை போட்டுவைப்பது வாடைக்கு மட்டுமே பயன்படும். அதன் ஆவி இறுக மூடிய பெட்டிக்குள் அடர்த்தியாக நின்றால்தான் புழு சாகும். அப்படி வைத்த நூலில் கைக்குழந்தைக்கு எதுவும் பின்னாதீர்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். கற்பூரத்தையும் நாஃப்தலீனையும் ஒரே பெட்டியில் போட்டால் இளகி நூலில் கறை படியும். வசம்பு, வேப்பிலை, லாவெண்டர் எல்லாம் வைக்கலாம், தவறில்லை. ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் முட்டையையும் புழுவையும் அவற்றை நம்பி விட முடியாது.

பெட்டியையும் மறக்க வேண்டாம். மரப்பெட்டியின் இடுக்கு, இழுப்பறையின் பின்பக்கம், அலமாரிக்கு அடியில் சேர்ந்த தலைமுடித் தூசு ஆகியவற்றை வாக்குவம் போட்டு உறிஞ்சி, அந்தத் தூசியை அன்றே வெளியே கொட்டுங்கள். ஓட்டுச் சரிவிலும் தகரக் கூரை இடுக்கிலும் இருக்கும் பழைய குருவிக் கூடுகள் அந்துப்பூச்சிக்குப் பிறப்பிடம்; காலியான கூடுகளை இந்தச் சமயத்தில் எடுத்துவிடலாம்.

அரித்த உருண்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்த பின் அதைச் சுற்றிக்கொண்டே வந்து, 2 மீட்டருக்குக் குறைவான துண்டுகளைக் கழித்துவிடுங்கள். மற்றவற்றை, சாதாரணக் கம்பளியானால், இரு முனைகளையும் பிரித்து 6 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நனைத்து உள்ளங்கையில் தேய்த்து இணைக்கலாம். முடிச்சே தெரியாது. பதப்படுத்திய கம்பளியில் இது நடக்காது. அங்கே முனைகளை விட்டுப் பின்னி, கடைசியில் ஊசியால் செருக வேண்டும்.

மக்கிய வாடை, வெள்ளை அல்லது சாம்பல் புள்ளிகள்

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரமான கம்பளியை 'உலர்ந்ததுதானே' என்று பாலிதீனில் இறுக்கி வைப்பதுதான் மலையில் நடக்கும் முதல் தவறு. பூசணம் பிடிப்பது அதனால்.

வாடை மட்டும் என்றால் சிட்டமாக்கி இரண்டு நாள் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டு, நடுநடுவே அரை மணி வெயில் காட்டினால் போய்விடும். போகவில்லை என்றால் 4 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து 20 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அதன் காரமும் நொதியும் கம்பளியை அரிக்கும். தலைக்குப் போடும் ஷாம்பு சில துளி போதும். புள்ளி விழுந்த பருத்தி நூலில் கறை நிற்கும், வலு இருந்தால் அடர் நிறம் ஏற்றிப் பயன்படுத்தலாம். புள்ளி விழுந்த கம்பளியை இழுத்துப் பாருங்கள், அறுந்தால் விட்டுவிடுங்கள்.

காயவைப்பதில் மாலை நான்கு மணி எல்லை. அதற்குமேல் வெளியே விட்டால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறும். விறகடுப்புக்கு மேலே கொடியில் போடும் பழக்கம் புகை வாடையை நிரந்தரமாக ஏற்றிவிடும். பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்று போட்டு, 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்போது மூடுங்கள். 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும்.

தராசு 54 கிராம் காட்டுகிறது. ஆனால் நூல் போதவில்லை

மேலே சொன்ன அதே ஈரம். 50 கிராம் கம்பளி உருண்டை மழைநாளில் 53, 54 காட்டும், வறண்ட தை வெயிலில் 50-க்கும் கீழே இறங்கும். அக்ரிலிக்கில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. எனவே எடையை உலர்ந்த நாளில் போடுங்கள், நீளத்தைக் கொண்டு கணக்குப் பாருங்கள்: 20 மீட்டர் அளந்து நிறுத்து, மொத்த எடையை அந்த எடையால் வகுத்து 20-ஆல் பெருக்கினால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 4 பிளை நூல் (பிளை எண் ஏற ஏற நூல் தடிமனாகும்) 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர், 8 பிளை சுமார் 220 மீட்டர் வரும். நடுத்தர உடல்வாகுள்ள பெரியவரின் ஸ்வெட்டருக்கு 8 பிளையில் 1,100 முதல் 1,300 மீட்டர், அதாவது 500 முதல் 600 கிராம் வேண்டும். ஒரு ஜோடிக் காலுறைக்கு 4 பிளையில் 100 கிராம்.

பின்னிக்கொண்டிருக்கும்போது மிச்சம் போதுமா என்று சந்தேகம் வந்தால்: சாதாரணப் பின்னலில் ஒரு வரிசை, தன் அகலத்தைப்போல் மூன்றரை மடங்கு நூல் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கு

நுனியைத் தேடி இழுப்பதுதான் சிக்கை முடிச்சாக்குகிறது. கொத்தை மேசையில் வைத்து, எல்லாப் பக்கமும் விரலால் இலேசாக வெளியே இழுத்துத் தளர்த்துங்கள். கொத்து பரவப் பரவ நுனி தானே வெளியே வரும். வெளிவந்த நுனியை உடனே அட்டையில் சுற்றிக்கொண்டே போக வேண்டும், தொங்கவிட்டால் மறுபடி நுழையும். அக்ரிலிக் உருண்டையின் நடுவிலிருந்து கொத்தாக வெளியே வந்தால் அதைத் திணிக்காமல் வெளியிலேயே சுற்றிவிடுங்கள். முறுக்கு பிரிக்காமல் சிட்டமாக வந்த நூலை நேரே பின்னத் தொடங்குவது சிக்குக்கு அழைப்பு; இரண்டு நாற்காலி முதுகில் மாட்டி முதலில் உருண்டையாக்குங்கள். இறுக்கிச் சுற்றாதீர்கள். நூல் நீண்டபடியே பின்னப்பட்டு, முதல் துவைப்பில் ஸ்வெட்டர் சுருங்கும். உருண்டைக்கும் நூலுக்கும் நடுவே மூன்று விரலை வைத்துச் சுற்றி, விரலை உருவினால் சரியான தளர்வு கிடைக்கும்.

அரை மணி போராடியும் அசையவில்லை என்றால் வெட்டுங்கள். 50 கிராம் அக்ரிலிக்குக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது லாபமில்லை.

பிரித்தெடுத்த பழைய ஸ்வெட்டர் நூல் சுருள் சுருளாக நிற்கிறது

அப்படியே பின்னினால் கண்ணிகள் மேடு பள்ளமாக வரும். சிட்டமாக்கி, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, தொங்கவிடுங்கள். கம்பளிக்கு அடியில் பளு கட்டாதீர்கள், அதன் நெகிழ்ச்சி போய்விடும். அக்ரிலிக்கில் சுருள் முழுதாகப் போகாது. நேராக்குகிறேன் என்று ஆவியோ இஸ்திரியோ காட்டினால் நூல் துவண்டுவிடும், மீட்க முடியாது.

ஒரே நிறம் என்று வாங்கியது பட்டையாகத் தெரிகிறது

சாய லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியின் எண், வேறு. குழல் விளக்கில் தெரியாது, சன்னலோரம் பகலில் வைத்துப் பாருங்கள். லாட் எண்ணை ஒவ்வொரு பையிலும் எழுதி ஒட்டுங்கள். கலந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு உருண்டையையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். அல்லது குறைவாக உள்ளதைக் கழுத்து, மணிக்கட்டுப் பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னல் மாறும் இடத்தில் நிற வேறுபாடு கண்ணில் படாது.

சாயம் கையில் ஒட்டுகிறது

சிவப்பு, கருநீலம், கருப்புதான் பெரும்பாலும். ஈர வெள்ளைத்துணியில் தேய்த்துச் சோதியுங்கள். கம்பளியானால் 100 கிராமுக்கு 3 லிட்டர் நீர், மூன்று மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து மெதுவாக 80 டிகிரி வரை ஏற்றி, அரை மணி அதே சூட்டில் வைத்து, ஆறவிட்டு அலசுங்கள். பிடிக்காத மிச்சச் சாயம் இழையில் ஏறும், அல்லது நீரோடு போகும். பருத்தியில் வினிகர் சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. நீர் தெளியும்வரை அலசுவது ஒன்றே வழி.

நூல் படபடவென்று ஒட்டுகிறது, விரலில் சுளீர் என்கிறது

வறண்ட பனிநாளில் அக்ரிலிக் உரசினால் வரும் நிலைமின்சாரம். அறையில் ஒரு பாத்திரம் நீர் வையுங்கள், கையில் சிறிது கிரீம் தடவிக்கொள்ளுங்கள். கோளாறு இல்லை.

எந்த ஊசி என்று தெரியவில்லை

நூலை அளவுகோலில் நெருக்கமாக, இழுக்காமல் 2.5 செ.மீ. அகலத்துக்குச் சுற்றி எண்ணுங்கள். 14 முதல் 18 சுற்று வந்தால் 4 பிளை, ஊசி 2.75 முதல் 3.25 மி.மீ. 11 அல்லது 12 வந்தால் 8 பிளை, ஊசி 4 மி.மீ. 8 முதல் 10 வந்தால் 10 பிளை, 4.5 முதல் 5 மி.மீ.

ஊசியின் மேல் எண் மட்டும் இருந்தால் அதை நம்பிவிடாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பழைய பிரிட்டிஷ் எண்முறையில் வந்தவை. எண் ஏற ஏற ஊசி மெலியும். 12 என்பது 2.75 மி.மீ., 10 என்பது 3.25, 9 என்பது 3.75, 8 என்பது 4, 7 என்பது 4.5. இணையத்தில் பார்க்கும் அமெரிக்க வழிமுறைகளில் தலைகீழ்: அங்கே 8 என்றால் 5 மி.மீ. அமெரிக்க வழிமுறையை வைத்துக்கொண்டு நம் ஊர் 8-ஆம் எண் ஊசியில் பின்னினால் ஸ்வெட்டர் இரண்டு அளவு சிறியதாகும். ஊசி அளவுத் தகடு இருந்தால் ஒவ்வொரு ஜோடியையும் துளையில் நுழைத்துப் பார்த்து, மி.மீ. அளவை எழுதி அந்தந்த நூல் பையோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.